மண்ணில் கை வைத்தால் வயிற்றில் புழு வருமா?

மே மாத மழை பிடித்த முதல் வாரம். அக்காவின் மகள், நாலரை வயது, ஒரு சிரட்டையில் கொஞ்சம் மண்ணும் அதற்குள் நெளிகிற ஒரு மண்புழுவுமாக வாசலில் வந்து நின்றாள். அம்மாயி போட்ட சத்தம் பணிய லயம் வரைக்கும் கேட்டிருக்கும். “கீழ போடு புள்ள, வயித்துக்குள்ள பூச்சி வந்துரும்!” சிரட்டை கவிழ்ந்தது, புழு கானுக்குள் போனது, பிள்ளை அழத் தொடங்கினாள். அக்கா வேறு அன்று இரவே பூச்சிக் குளிசை மிச்சம் இருக்கிறதா என்று அலுமாரியைக் கிளறினாள்.

அம்மாயியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவருடைய பயத்துக்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அவர் பயந்த புழு வேறு, பிள்ளை கொண்டுவந்த புழு வேறு. இரண்டுக்கும் நாம் ஒரே பெயரை வைத்துவிட்டோம், குழப்பம் முழுக்க அங்கேதான் தொடங்குகிறது. அதனால் இது பிள்ளைகளோடு வெளியே இறங்கிப் புழு பார்க்க விரும்பும் அம்மா அப்பாக்களுக்கும் முன்பள்ளி டீச்சர்மாருக்கும், விலங்கியல் படிக்காத என் மாதிரி ஆட்களுக்குமான விளக்கம்.

ஒரே பெயரில் எத்தனை குடும்பம்

கோவாவை வெட்டும்போது இலை மடிப்புக்குள் பச்சையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் புழு. சாணிக் குவியலைக் கிளறினால் வெள்ளையாகத் தடித்துச் சுருண்டு கிடக்கும், அதுவும் புழு. பிள்ளையின் மலத்தில் வந்தால் சில வீடுகளில் பூச்சி, சில வீடுகளில் அதுவும் புழு. ஒரே லயத்தில் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள் என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வது மாதிரிதான். நீளமாக இருந்து நெளிந்து போனால் புழு என்று பெயர் வைத்தாயிற்று, அதற்கு மேல் யார் குனிந்து பார்த்தார்கள்?

குனிந்து பார்த்தால் மூன்று குடும்பம் தெரியும்.

கோவாப் புழுவும் சாணிப் புழுவும் பூச்சிகளின் பிள்ளைகள். இந்தக் குழந்தைப் பருவத்துக்குக் குடம்பி என்று பெயர். ஒன்று வண்ணத்துப்பூச்சியாகவோ அந்துப்பூச்சியாகவோ பறக்கும், மற்றது வண்டாகும். உற்றுப் பார்த்தால் நெஞ்சுப் பக்கம் ஆறு குட்டிக் கால்கள் இருக்கும். மயிர்க்கொட்டியும் இந்தக் குடும்பம்தான், அதைப் பிள்ளைகள் தொடக்கூடாது. ஈயின் குடம்பிக்குக் கால் கிடையாது, ஆகவே கால் எண்ணுவது எல்லா இடத்திலும் விடை தராது, ஆனால் பெரும்பாலும் தரும்.

மண்புழுவுக்கு உடம்பு முழுக்க வளையல் அடுக்கினது போல வளையங்கள். இப்படி வளையம் வளையமாக உடம்பு கொண்ட விலங்குகளை வளையப்புழுக்கள் என்கிறார்கள். நம்ம ஊரில் மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டையும் இதே குடும்பம், மண்புழுவுக்குப் பங்காளி என்றே சொல்லலாம். ஆனால் அட்டைக்கு இரண்டு முனையிலும் உறிஞ்சிப் பிடிக்கிற வாய் மாதிரி ஒன்று உண்டு. அது முன்முனையைப் பதித்து, பின்முனையை இழுத்து, சாண் சாணாகத் துணி அளப்பதுபோல வரும். மண்புழு அப்படி அளக்காது, வழுக்கிக்கொண்டு போகும். இந்த நடை வித்தியாசத்தை நாலு வயதுப் பிள்ளை ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும், பெரியவர்களுக்குத்தான் நேரம் பிடிக்கிறது.

மூன்றாவது, வயிற்றில் வருகிற உருளைப்புழு. வளையம் இல்லாமல் வழவழவென்று, வெளிறின இளஞ்சிவப்பில், இரண்டு முனையும் கூராக இருக்கும். பெண் புழு முப்பது சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். நீளத்தையும் நிறத்தையும் மட்டும் பார்த்தால் யாருக்கும் மண்புழு ஞாபகம்தான் வரும். அம்மாயியின் குழப்பமும் அதுதான்.

இடையில் ஒன்று. ஈரக் கானோரத்தில் மண்புழுவை விடப் பெரிதாக, கறுத்த உடம்பின் இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு ஓடுகிற ஒன்றைக் கண்டால் அது புழுவே இல்லை. சிசிலியன் என்கிற காலில்லாத ஈரூடகவாழி, அதாவது தவளைக்குச் சொந்தக்காரர், இலங்கைக்கே உரியது. தாய் முட்டைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு காவல் இருக்கும். பாம்பென்று அடித்துவிடாதீர்கள், பார்த்துவிட்டு வழி விடுங்கள்.

சரி, இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கால் இருந்தால் பெரும்பாலும் பூச்சியின் பிள்ளை, வளையம் இருந்தால் மண்புழுவோ அட்டையோ, வழவழவென்று மலத்தில் வந்தால் உருளைப்புழு.

அப்படியானால் வயிற்றுப் புழு எங்கிருந்து வருகிறது?

மண்ணிலிருந்துதான். இங்கேதான் அம்மாயி பாதி சரி.

உருளைப்புழு மண்ணில் வாழ்வதில்லை, மனிதக் குடலில்தான் வாழும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும், கண்ணுக்குத் தெரியாத அளவு. கக்கூஸ் இல்லாத இடத்தில், அல்லது கக்கூஸ் குழி உடைந்து வழிகிற இடத்தில், அந்த முட்டைகள் மண்ணில் சேரும். சேர்ந்த உடனே அவற்றால் தொற்ற முடியாது, ஈரமும் சூடும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர வேண்டும். பிறகு அந்த மண் பட்ட விரல் வாய்க்குப் போனாலோ, கழுவாத மரக்கறியோடு போனாலோ, முட்டை வயிற்றுக்குள் போய்ப் பொரிக்கும். இந்தக் கதையில் மண்புழு எங்கேயாவது வருகிறதா? இல்லை. அந்த முட்டையை இட்டதும் அது இல்லை, மனித வயிற்றுக்குள் போனாலும் அதனால் அங்கே குடியிருக்கவும் முடியாது.

இன்னொன்று கொக்கிப்புழு. இது விழுங்கப்படக் காத்திருப்பதில்லை. மலம் கலந்த ஈர மண்ணில் பொரித்த அதன் குஞ்சு, வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போய், இரத்தத்தில் ஏறி, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் போய்க் கொக்கி போட்டு இரத்தம் குடிக்கும். உடம்பு வெளுத்துப்போகும், மலை ஏற மூச்சு வாங்கும். வெறுங்காலோடு ஈர மலையில் நின்று கொழுந்து பறித்த, பெரும்பாலான லயங்களுக்குக் கக்கூஸே இல்லாதிருந்த ஒரு காலத்தை நினைத்துப் பாருங்கள். தோட்டங்களில் இது அவ்வளவு மோசமாக இருந்ததால்தான் 1916ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. அம்மாயியின் அம்மா காலத்திலிருந்து வந்த பயம் இது. ஆளை வெளுக்க வைத்த புழுவைப் பார்த்த குடும்பங்களுக்கு எல்லாப் புழுவும் ஒன்றாகத் தெரிந்ததில் என்ன ஆச்சரியம்?

ஆகவே பயத்தைப் புழுவிலிருந்து எடுத்து இடத்தின் மேல் வையுங்கள். கக்கூஸ் பக்கமும் அதன் தண்ணீர் ஓடுகிற கான் பக்கமும் பிள்ளை தோண்டக்கூடாது. காலில் செருப்பு. நகத்தை வெட்டிவிடுங்கள். விளையாடி முடித்ததும் சவர்க்காரம் போட்டு, விரலிடுக்கு வரைக்கும் தேய்த்துக் கழுவ வேண்டும், கழுவும் வரைக்கும் கை வாய்க்குப் போகக்கூடாது. குளிசை கொடுப்பதை மருத்துவ மாது சொல்கிறபடி செய்யுங்கள், புழுவைத் தொட்ட அன்றைக்கே கொடுக்கும் மருந்து அது கிடையாது.

எங்கே தோண்டுவது

தேயிலைச் செடிக்கடியில் போய்த் தேடினால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். தேயிலை புளிப்பான மண்ணை விரும்பும், பெரும்பாலான மண்புழுக்களுக்கு அந்தப் புளிப்பு அதிகம் பிடிக்காது. செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் வகைத் தூள் போடுவதே புளிப்பு எல்லை மீறாமல் இருக்கத்தான். இது போதாதென்று அங்கே மருந்தடித்திருப்பார்கள், குளவிக்கூடும் இருக்கலாம், பிள்ளைகளை ஏன் கூட்டிப் போவானேன்.

மாட்டுப் பட்டிக்குப் பின்னால், பழைய சாணி கிடக்கிற இடம் நல்லது. வாழை அடி, லீக்ஸ் பாத்தியின் ஓரம், உதிர்ந்த இலை அழுகிற மூலை, இங்கெல்லாம் ஒரு சாண் தோண்டினாலே கிடைக்கும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே தொடக்கம் மழை நிற்காது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசி மழையில் பாருங்கள். பெரிய கல்லைப் புரட்டுவது பெரியவர் வேலை, அடியில் பூரான் இருக்கும். மண்வெட்டி வேண்டாம், ஒரு பழைய கரண்டி போதும், ஏனென்று கீழே வரும்.

மலையகத்து மண்ணில் கிடைப்பதெல்லாம் இங்கேயே பிறந்த சாதி என்று நினைக்க வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து செடிகளோடும் மண்ணோடும் வெப்ப நாடுகள் முழுக்கப் பரவிய ஒரு மண்புழு இனம் இலங்கையிலும் இருக்கிறது. கடல் தாண்டி வந்து இந்த மண்ணில் உழைத்துக் கிடக்கிறதில் நமக்கு முன்னோடியோ பின்னோடியோ தெரியவில்லை.

எலும்பும் இல்லை, காலும் இல்லை, எப்படி ஊர்கிறது?

பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி இது. ஒரு நீள பலூனில் தண்ணீர் நிரப்பிக் கையில் கொடுங்கள். நடுவில் சுற்றிப் பிடித்து நெருக்கினால் பலூன் நீளும். இரண்டு முனையையும் உள்ளே அழுத்தினால் குட்டையாகிக் கொழுக்கும். உள்ளே இருக்கிற தண்ணீர் சுருங்காது, அதனால் ஒரு பக்கம் நெருக்கினால் இன்னொரு பக்கம் தள்ளித்தான் ஆக வேண்டும்.

மண்புழுவின் உடம்புக்குள்ளும் இப்படித் திரவம் நிறைந்திருக்கிறது, வளையம் வளையமாகத் தனித்தனி அறையில். சுற்றிலும் இரண்டு வகைத் தசை. ஒன்று மோதிரம் போலச் சுற்றிப் போகிறது, அது இறுகினால் அந்த இடம் மெலிந்து நீளும். மற்றது நீளவாக்கில் ஓடுகிறது, அது இறுகினால் அந்த இடம் குறுகித் தடிக்கும். மெலிதலும் தடித்தலும் தலையிலிருந்து வால் வரைக்கும் அலை அலையாக ஓடும். எலும்பு செய்கிற வேலையை உள்ளே அடைபட்ட திரவம் செய்துவிடுகிறது.

ஆனால் நீண்டு குறுகினால் மட்டும் முன்னால் போக முடியுமா? மழை நாளில் சறுக்குகிற மலைப்பாதையில் ஏறும்போது நாம் என்ன செய்கிறோம், ஒரு காலை நன்றாக ஊன்றிக்கொண்டு மற்றதை எடுக்கிறோம். புழுவுக்கும் ஊன்ற ஏதாவது வேண்டும். அதன் வளையங்களில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிகச் சின்ன முட்கள் இருக்கின்றன, சிலிர்முட்கள் என்று பெயர். தடித்த பகுதி அவற்றை மண்ணில் ஊன்றிப் பிடித்துக்கொள்ள, மெலிந்த பகுதி முன்னே நீளும்.

இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம், கேட்க வையுங்கள். கொப்பிக்கு உறை போடுகிற ப்ரவுண் பேப்பரை மொடமொடவென்று விரித்து, மேலே ஒரு புழுவை விட்டு, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காதைக் கிட்டக் கொண்டுபோகட்டும். சர்… சர்… என்று சன்னமாக ஒரு சுரண்டல் கேட்கும். சிலிர்முள் காகிதத்தில் உரசுகிற சத்தம் அது. ஒரு கூட்டம் பிள்ளைகள் இரண்டு நிமிடம் மூச்சு விடாமல் இருந்ததை நான் இதைச் செய்து பார்த்த அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தலை எது வால் எது என்று உடனே கேட்பார்கள். விடை சொல்லாமல் எந்தப் பக்கம் முதலில் போகிறது என்று திருப்பிக் கேளுங்கள். வளர்ந்த புழுவாக இருந்தால் உடம்பில் ஓரிடத்தில் கட்டுப் போட்டது போலத் தடித்த பட்டி தெரியும். சேணம் என்று அதற்குப் பெயர், முட்டைக்கூடு அதிலிருந்துதான் உருவாகும். அது எந்த முனைக்குக் கிட்ட இருக்கிறதோ அது தலைப்பக்கம்.

திரவம், இரண்டு தசை, சின்ன முட்கள். ஊர்வதற்கு இவ்வளவுதான் தேவை.

மூக்கில்லாமல் மூச்சு

நம் நுரையீரலின் உள்பக்கம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் அந்த ஈரத்தில் கரைந்துதான் இரத்தத்துக்குள் போகிறது. மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை, அந்த வேலையைத் தோல் பார்க்கிறது. நுரையீரலைச் சட்டை மாதிரி வெளியே போட்டுக்கொண்டு திரிகிற பிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டை காய்ந்தால் மூச்சு நின்றுபோகும். அதனால் பிள்ளைகள் தொடும் முன் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும், வெயிலில் வைக்கக்கூடாது, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மண்ணுக்குள் விட்டுவிட வேண்டும்.

அட்டைக்குப் போடுகிற மாதிரி இதற்கும் உப்புப் போட்டுப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. மாங்காய்த் துண்டில் உப்புத் தூவினால் தண்ணீர் விடுகிறதே, அதே மாதிரி உப்பு புழுவின் உடம்பு நீரை வெளியே இழுத்துவிடும், துடித்துச் சாகும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மழை பெய்தால் புழு வெளியே வருவது மூழ்கிச் சாகாமல் இருக்கத்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். அது அவ்வளவு நேர்க்கோடான கதை இல்லை. பல மண்புழு இனங்கள் தண்ணீருக்குள் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், கரைந்த ஒட்சிசன் இருந்தால் போதும். வெளியே வருவதற்கு ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சொல்கிறார்கள்: தரை நனைந்திருக்கும்போது தோல் காயாமல் தூரம் போகலாம், மழை விழுகிற அதிர்வு அவற்றைக் கிளப்பலாம், சில இனங்களுக்கு நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் போதாமல் போகலாம். திரும்பும் முன் வெயில் வந்துவிட்டால் சீமெந்துப் படியில் காய்ந்து கிடப்பவை அவைதான்.

கண்ணும் கிடையாது. தோலில் வெளிச்சத்தை உணர்கிற கலங்கள் இருக்கின்றன, டோர்ச் அடித்தால் உள்ளே ஓடும். ஆனால் சிவப்பு வெளிச்சம் அவற்றுக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. வெசாக் கூடு செய்து மிஞ்சிய சிவப்புத் தாளை டோர்ச்சின் முகத்தில் கட்டிக்கொண்டு, ஈரமான இரவில் பாத்தியோரம் போய்ப் பாருங்கள், பகலில் ஒளிகிறவர்கள் இலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதைக் காணலாம்.

காதும் இல்லை. இதைச் சோதித்தவர் சாதாரண ஆளில்லை, சார்ள்ஸ் டார்வின். சட்டிகளில் மண்புழு வளர்த்து, விசில் ஊதிப் பார்த்தார், பியானோ வாசிக்கச் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் புழுக்கள் பொந்துக்குள் இழுத்துக்கொண்டன. சத்தம் கேட்கவில்லை, அதிர்வு தெரிந்தது. நம்ம பிள்ளைகள் முதலில் கத்திப் பார்க்கட்டும், பிறகு மேசையைத் தட்டிப் பார்க்கட்டும். கத்தச் சொன்னால் மறுக்கிற பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவா?

இல்லை. மண்வெட்டி வேண்டாம் என்றது இதற்குத்தான். வெட்டினால் இரண்டு துண்டும் துடிக்கும், பல்லியின் அறுந்த வால் துடிப்பதுபோல. வளையத்துக்கு வளையம் நரம்பு முடிச்சு இருப்பதால் அந்தத் துடிப்பு. தலைப்பக்கம் போதுமான நீளத்தில் மிஞ்சியிருந்தால் அது புது வால் வளர்த்துப் பிழைக்கலாம், வால் துண்டு பெரும்பாலும் செத்துப்போகும். சில சமயம் ஒன்று பிழைக்கும், சில சமயம் அதுவும் இல்லை.

மண்ணைத் தின்று என்ன செய்கிறது?

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து ரோலருக்குள் போய் நசுங்கி வெளியே வருவதைப் பிள்ளைகளில் பாதிப் பேராவது பார்த்திருப்பார்கள். புழுவின் உடம்புக்குள்ளும் ஒரு ரோலர் இருக்கிறது, அரைப்பை என்று பெயர். பல் இல்லாத புழு மண்ணையும் அழுகிய இலையையும் சேர்த்து விழுங்கும், கூடவே போகிற மணல் துகள்கள் அரைப்பைக்குள் அம்மிக்கல் வேலை செய்யும். அரைத்ததில் சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளும். காலையில் புல்தரையில் இடியாப்பம் பிழிந்து வைத்தது போலக் குட்டிக் குட்டி மண் சுருள் இருக்குமே, அது இந்த எச்சம்தான். செடி எடுத்துக்கொள்ளத் தோதான சத்து சுற்றிலுமுள்ள மண்ணை விட அதில் கூடுதலாக இருக்கும். டார்வின் 1881ல் கணக்குப் போட்டபோது, இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கரில் ஆண்டுக்குப் 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடம்பு வழியாகப் போகிறது என்று கண்டார்.

அது போன வழியெல்லாம் பொந்து. சரிவில் பெய்கிற மழை மேல் மண்ணை வழித்துக்கொண்டு ஓடுவதற்குப் பதிலாகக் கொஞ்சமாவது அந்தப் பொந்து வழியே உள்ளே இறங்கும். மலைச்சரிவில் மரக்கறி போடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த வேலையைக் கண்ணால் பார்க்க ஒரு பெரிய கண்ணாடி ஜாம் போத்தல் போதும். ஈர மண் ஒரு அடுக்கு, மணல் ஒரு அடுக்கு, மறுபடி மண், மறுபடி மணல், மேலே வாடின இலையும் மரக்கறித் தோலும். தேசிக்காய்த் தோல், உப்புப் பட்ட சோறு வேண்டாம். நாலு புழு விடுங்கள், சுற்றிலும் கறுப்புத் தாள் சுற்றுங்கள், மூடியில் துளை போட்டு நிழலில் வையுங்கள், காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள், ஊற்றக்கூடாது. ஒரு வாரம் பொறுத்துத் தாளைக் கழற்றினால் அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருக்கும்.

அக்கா மகளின் போத்தலை ஐந்து வாரம் கழித்து வாழையடியில் கொட்டினோம். நாலு புழு விட்டோம், நாலும் இருந்தன. பிறகு அவள்தான் கண்டுபிடித்தாள், மண் கட்டிக்குள் வெள்ளை நூல் போல ஒரு குஞ்சு. மண்ணோடு ஒரு முட்டைக்கூடும் வந்திருக்க வேண்டும். தூர நின்ற அம்மாயி கிட்ட வந்து குனிந்தார்.

“இது வயித்துப் பூச்சி மாதிரியேதான இருக்கு?”

“கண்ணாடியப் போட்டுக்கிட்டு பாருங்க அம்மாயி, வளையம் இருக்கு.”

அம்மாயி கண்ணாடி எடுக்க உள்ளே போனார்.